மடிப்புக் கலையாத புத்தகங்கள்

2020 மார்ச்சில் நூலகங்களை மூடிய வேகத்தை முதலில் பாராட்டிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கரோனா தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மார்ச் 7ஆம் தேதி. அந்த மாதம் முடிவதற்குள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கிளை நூலகங்கள் பூட்டப்பட்டுவிட்டன. சரியான முடிவு அது. கிளை நூலகத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தினத்தந்தியைப் பத்துப் பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். காலையில் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்களே அதிகம். நோய் யாரை முதலில் தேடியதோ அவர்கள்தான் அங்கே முதலில் வந்து உட்காருகிறவர்கள். கதவை அடைத்ததால் உயிர்கள் தப்பின. அடைக்கச் சொன்னவர்களுக்கு என் நன்றி.

அடைத்த பிறகு காத்த விதத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆகஸ்ட் முடியும் வரை அந்த அலமாரிகளிலிருந்து ஒரு புத்தகம் வெளியே போகவில்லை. வெளியே போகாத புத்தகம் தொலையாது. எந்தப் பிள்ளையும் படத்தைக் கத்தரித்துக்கொண்டு போகவில்லை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட ஆளில்லை. ஓரத்தில் பென்சிலால் தன் கருத்தை எழுதிவைக்க ஆளில்லை. விட்ட இடம் தெரிவதற்காக மூலையை மடக்க ஆளில்லை. தேதிச் சீட்டில் புதிதாக ஒரு முத்திரை விழவில்லை. பாரதியும் புதுமைப்பித்தனும் அம்பேத்கரும் அடுக்கிவைத்த வரிசையிலேயே, மடிப்புக் கலையாமல் ஐந்து மாதத்துக்கு மேல் பத்திரமாக நின்றார்கள்.

பத்திரமாக இருக்கும் பொருளைப் பாராட்டுவது இந்த மண்ணுக்குப் பழக்கமான காரியம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் தொண்டை நாட்டு ஊர்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது வந்த ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்ன சொல் புறநானூற்றின் 95ஆம் பாட்டாக நிற்கிறது. தொண்டைமானின் வேல்கள் அலங்காரத்தோடு காவலுக்குள் பளபளப்பதையும், அதியமானின் வேல்கள் போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

நானும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இந்தப் பக்கம், பூட்டிய அறைக்குள் மெருகு குலையாத நூலகப் புத்தகங்கள். அந்தப் பக்கம், அதே மாதங்களில் இந்த ஊர்களின் வீடுகளில் கைமாறிக் கைமாறி நைந்துபோனவை. நைந்தவற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பரண்மேல் இருந்த பைண்டு புத்தகங்கள் கீழே இறங்கின. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஓவியத்தோடு தைத்து, கெட்டி அட்டை போட்டு வைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு தலைமுறை செய்த வேலை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வனும், குமுதத்தில் வந்த சாண்டில்யன் கதைகளும் அப்படித்தான் குடும்பச் சொத்தாயின. பாட்டி தைத்துவைத்த கட்டைப் பேத்தி பிரித்தாள். தாள் பழுப்பேறியிருந்தது, ஓரம் பொடிந்தது, நடுவில் இரண்டு வாரத்துக் கதை இல்லை. இல்லாத பகுதியைப் பாட்டி வாயால் சொன்னார். 1941இல் தொடங்கிய கல்கி இதழ் 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. அதே ஆண்டில் அதன் பழைய பக்கங்கள் பரணிலிருந்து இறங்கி வாசிக்கப்பட்டன. அந்தப் பக்கங்களைத் தைத்துவைத்த பெண்கள் எந்த நூலக அறிவியலும் படித்தவர்கள் அல்லர். அவர்கள் விட்டுச்சென்ற அலமாரி மட்டும் எல்லா நாளும் திறந்திருந்தது.

தெருவில் ஒரு வீட்டில் பத்து நாவல் இருந்தால் போதும், அவை எல்லா வீட்டுக்கும் போய்வந்தன. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், ராணிமுத்து, பாலகுமாரன், சுஜாதா எல்லாம் காம்பவுண்டுச் சுவர்மேல் வைக்கப்பட்டு, வெயிலில் ஒரு நாள் காய்ந்து, மறுநாள் பக்கத்து வீட்டுக்குள் போயின. உறுப்பினர் அட்டை கேட்கவில்லை, முன்பணம் வாங்கவில்லை, தாமதத்துக்கு அபராதம் போடவில்லை. தொடாமல் புத்தகம் கொடுத்து வாங்குவது எப்படி என்று யாரும் அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. சுவரும் வெயிலும் போதும் என்று அவர்களே கண்டுகொண்டார்கள்.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயில் ஒரு பெரிய வாசிப்பறை. 2020 மார்ச் கடைசியில் அதுவும் நின்றது. ரயிலில் மாத நாவல் படித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் வீட்டிலிருந்து மொபைலில் படித்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் அவர்களுக்குக் கைகொடுத்தன. நாட்டுடைமையான நூல்களை யாருக்கும் பயப்படாமல் இறக்கிப் படிக்க முடிந்தது. அவற்றைக் கட்டணமில்லாமல், பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து ஏற்றிவைத்த தன்னார்வலர்களுக்குத் தமிழ் வாசகர் எல்லோரும் கடன்பட்டவர்கள்.

வாட்ஸ்ஆப்பில் வந்த பிடிஎஃப்களையும் படித்தார்கள். இந்த வாரத்து இதழ், போன மாதம் வெளியான நாவல், உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளரின் முழுத் தொகுதி எல்லாம் குழுக்களில் சுற்றின. அனுப்பியவருக்குப் புத்தகத்தின் மேல் ஆசை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை. நூலகமும் வாசகருக்குச் சும்மாதான் கொடுக்கிறது. அதற்கு முன் பதிப்பாளருக்கு விலை கொடுத்து வாங்குகிறது. சிறிய பதிப்பகங்கள் பல நூலக ஆணையை நம்பித்தான் அடுத்த புத்தகத்துக்குக் காகிதம் வாங்குகின்றன. விலை கொடுத்து வாங்கி இலவசமாகத் தரும் ஓர் இடத்தை மூடிவைத்தால், விலை கொடுக்காமல் தருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். வந்தார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களின் பொறுமையைப் புகழாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி நடக்க வேண்டிய குரூப் 1 முதல்நிலைத் தேர்வு தள்ளிப்போய் 2021 ஜனவரி 3ஆம் தேதிதான் நடந்தது. அவர்கள் படித்தது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள். புத்தகம் அவர்களிடமே இருந்தது. கிளை நூலகம் அவர்களுக்குக் கொடுத்துவந்தது ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, யாரும் எழுப்பிவிடாத ஒரு பகல் பொழுது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு இருக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த அரசாங்கமும் செய்துவிட முடியாது. அது போனதும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர நகர்ந்து உட்கார்ந்து அவர்கள் வரலாறும் குடிமையியலும் படித்தார்கள்.

பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. பிரெய்ல் நூல்களை அச்சிடும் மண்டல அச்சகமும் இருக்கிறது. கண்ணால் படிப்பவர் மொபைலுக்கு மாறிக்கொண்டார். விரலால் படிப்பவர் எதையும் தொடாதே என்று ஊர் முழுக்க எச்சரித்த காலத்தில் என்ன செய்வார்? அச்சில் ஒரே நூலாக இருப்பது பிரெய்லில் பல தொகுதிகளாக விரியும். வீட்டில் வாங்கி அடுக்கிவைக்கும் பண்டம் அல்ல அது. பொது அலமாரி ஒன்றைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். காதால் கேட்டும், முன்பு படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தும் அவர்கள் அந்த மாதங்களைக் கடந்தார்கள்.

ஒன்றுமே இல்லாத வீடுகளும் இருந்தன. பரண் இல்லை, பைண்டு புத்தகம் இல்லை, இருக்கிற ஒரு மொபைலும் அப்பாவின் சட்டைப்பையில். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதுவரை போன வருஷத்துப் பாடநூலையும், மளிகைப் பொட்டலம் மடித்துவந்த தாளில் பாதியில் நின்ற செய்தியையும், ரேஷன் கடைப் பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் இந்த ஊர்களில் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, அதை விடாமல் வைத்திருக்கப் பட்ட பாடு அது. அவர்களைவிடப் பெரிய வாசகர் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆவடியிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே போனால் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சரை வரவழைத்து, நாள் குறித்துக் கோயில் எழுப்பியவர் அவர். அதே நாளில் காஞ்சியில் அரசன் எழுப்பிய கற்றளிக்கும் நன்னாள் குறித்திருந்தார்கள். இறைவன் அன்று பூசலாரின் கோயிலுக்குப் போக முடிவுசெய்தான் என்று பாடிய சேக்கிழாரின் ஊரான குன்றத்தூரும் பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான். இந்த வட்டாரத்து மக்கள் பூசலாரின் வழிவந்தவர்கள் என்பதை 2020இல் நிரூபித்தார்கள். கையில் இல்லாத நூலகத்தை மனத்தாலும் பரணாலும் மதில்சுவராலும் கட்டி எழுப்பினார்கள்.

ஒரே ஒரு வேற்றுமை. கோயில் கட்டுவதற்கென்று பூசலாரிடம் முன்கூட்டியே யாரும் வரி வாங்கியிருக்கவில்லை.

இந்த மக்களிடம் வாங்கினார்கள். அந்த வசூலின் ஒழுங்கும் மெச்சத்தக்கது. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு போராடியதும், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதை ஏற்றுக்கொண்டதும் சேர்ந்து அந்தச் சட்டத்தைப் பெற்றுத்தந்தன. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்து காசு. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரும், 2019இல் தானே மாநகராட்சியான ஆவடியும், நகராட்சியான பூந்தமல்லியும் இதை வீடு தவறாமல் கேட்டு வாங்குகின்றன. நூலகம் பூட்டியிருந்த அரையாண்டுக்கும் அந்தப் பத்து காசு கணக்கில் ஏறியது. 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது நூலக வரியும் கூடவே உயர்ந்தது. கதவு மூடியது, கை மூடவில்லை. அப்படி வாங்கியதைக்கூட முழுமையாக நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் சென்னை மாநகராட்சி பல கோடி ரூபாய் நிலுவை வைத்திருந்ததை நாளிதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. வாங்குவதில் காட்டிய ஒழுங்கைக் கொடுப்பதிலும் காட்டியிருந்தால், இந்தப் பாராட்டை இன்னும் நீட்டியிருப்பேன்.

திறந்த வரிசையையும் நினைவுகூர வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 2020 மே 25ஆம் தேதி நாலில் ஒரு பங்கு ஆட்களோடு இயங்க அனுமதி பெற்றது. பிழைப்பு முக்கியம், அதில் தவறு காண மாட்டேன். மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் மே மாதமே டாஸ்மாக் கடைகள் திறந்துவிட்டன. அப்போது சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்த இந்த மூன்று ஊர்களும் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தன. நூலகங்கள் திறந்தது செப்டம்பர் 1. அன்றும் முதியோரும் சிறுவரும் உள்ளே வர அனுமதி இல்லை. காலையில் நாளிதழுக்காக வருகிறவரும், மாலையில் கதைப்புத்தகத்துக்காக வருகிறவரும் அவர்கள்தானே?

டாஸ்மாக் கடை முன்னால் செய்த ஏற்பாடுகள் மிகச் சிறந்தவை. தரையில் வட்டம் போட்டார்கள். கட்டைகள் கட்டி வரிசை பிரித்தார்கள். நாளுக்கு இத்தனை டோக்கன் என்று அளவு வைத்தார்கள். முகக்கவசம் இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் காவலர் நின்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்திப் பாதுகாப்பாக ஒரு பொருளை மக்கள் கையில் சேர்க்கும் திறமை நம் நிர்வாகத்துக்கு முழுமையாக உண்டு என்பதை அந்தக் கடைகள் ஐயமில்லாமல் காட்டின. அதனால்தான் கேட்கிறேன்: அதே வட்டத்தை நூலகச் சன்னலுக்கு முன்னால் போட என்ன தடை இருந்தது? சன்னலில் ஒரு பட்டியல், உள்ளே ஒரு நூலகர், நாளுக்கு ஐம்பது பேர். மேசையில் யாரும் உட்கார வேண்டாம். திரும்பி வரும் புத்தகம் சில நாள் தனியே கிடக்கட்டும். எங்கள் தெருப் பெண்கள் மதில்சுவரில் செய்துகாட்டியது இவ்வளவுதான்.

இதில் நூலகர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றைத் தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் ஒற்றை ஆளாக நின்று நடத்துகிறவர்கள் அவர்கள். தன் வாசகர் ஒவ்வொருவரும் எந்த எழுத்தாளரைத் தேடி வருவார் என்று சொல்லத் தெரிந்தவர்கள். அழைத்திருந்தால் வந்திருப்பார்கள். யாரும் அழைக்கவில்லை.

வழி தெரியாமல் போனது என்றும் சொல்ல முடியாது. 1931இல் ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது அவற்றின் முதல் விதி. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. உலகம் முழுக்க நூலகத்துறை மாணவர் இன்றும் முதல் பாடமாகப் படிப்பது அந்த ஐந்தையும்தான். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை, ரங்கநாதனின் யோசனைப்படி, ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். தார்ச்சாலை இல்லை, தொலைபேசி இல்லை, நூலக வரியும் இல்லை. வண்டி போனது.

1940 செப்டம்பரில் லண்டனின் பெத்னல் கிரீன் நூலகத்தின் மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்தது. அங்கிருந்த நூலகர்கள், வேலை முடியாமல் நின்றிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்குள், மூடிய தண்டவாளத்தின் மேலேயே ஒரு சிறு நூலகத்தை அமைத்தார்கள். குண்டுக்குப் பயந்து அங்கே தூங்க வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். கட்டடம் போய்விட்டால் நூலகமும் போய்விட்டது என்று அவர்களும் நினைக்கவில்லை, கனகசபைப் பிள்ளையும் நினைக்கவில்லை. நம்மிடமோ கட்டடம் அப்படியே இருந்தது, புத்தகம் அப்படியே இருந்தது, பணமும் வந்துகொண்டிருந்தது.

பெருந்தொற்று தணிந்த பிறகு, வீட்டுக்கே தன்னார்வலர் மூலம் புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல திட்டம். கதவு திறந்த பிறகு வந்தது என்பதொன்றைத் தவிர அதில் குறையில்லை.

நூலகம் மூடுவதற்குக் காரணங்கள் இனியும் வரும். கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் மழைநீர் தேங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கட்டடம் பழுதாகும், ஆள் ஓய்வுபெற்றுப் போவார், இன்னொரு நோயும் வரலாம். மூடுவதற்கு இருக்கும் ஆணையைப்போல, மூடிய நாளில் புத்தகம் கொடுப்பதற்கும் ஓர் ஆணை இப்போதே எழுதப்பட வேண்டும். மூடுவதற்கு முந்தைய நாள் ஒவ்வோர் உறுப்பினரும் வேண்டுமளவு புத்தகம் எடுத்துப்போகலாம் என்று அதில் இருக்க வேண்டும். சன்னல் வழிக் கடன், நூலக நண்பர்களின் வீட்டுச் சேவை, பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு, பூந்தமல்லியின் பிரெய்ல் வாசகருக்கு அஞ்சல்வழிப் புத்தகம் எல்லாம் அதில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். வசூலான நூலக வரி எவ்வளவு, நூலகத்துக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு கிளையின் வாசலிலும் பலகை வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1948இன் சட்டமே போதும்.

இதைச் செய்துமுடித்தால் அடுத்த முறை நூலகம் திறக்கும்போது அதன் புத்தகங்கள் அழுக்காக இருக்கும், முதுகு பிரிந்திருக்கும், சில திரும்பியே வராது. நூலக ஆணைக்குழுவுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. அன்றைக்கு எழுதும் பாராட்டை நான் நேராகவே எழுதுவேன்.